தேர் போகும் தெரு, பாடை போகும் தெரு

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத் தேவாலயம். அங்கிருந்து சிறிது தூரத்தில் மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்கள். மத நல்லிணக்கம் என்றதும் நெல்லைக்காரர்கள் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்வார்கள். அதில் பெருமையும் உண்டு, நியாயமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது, அதாவது தென்காசி தனி மாவட்டமாவதற்கு முன்பு, திருநெல்வேலி மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம். நாட்டின் வேறு பகுதிகளில் மதத்தின் பெயரால் ஊர்கள் எரிந்த ஆண்டுகளிலும் தாமிரபரணிக் கரை பெரும்பாலும் அமைதி காத்திருக்கிறது. ஆனால் அந்த அமைதி எதனால் நிலைத்தது, எங்கெல்லாம் கிழிந்தது என்று கேட்டால் மூன்று கோபுரங்களைக் காட்டுவது பதிலாகாது. அடுத்தடுத்து இருப்பதாலேயே யாரும் இணங்கி வாழ்ந்துவிடுவதில்லை. இந்தச் சீமையின் சுமார் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. இங்கே மதத்தின் பெயரால் வெடித்த பெரிய மோதல்கள், எந்தக் கடவுள் மெய்யான கடவுள் என்ற வழக்கில் பிறந்தவை அல்ல. எந்தத் தெருவில் யார் நடக்கலாம், யாருடைய பிணம் எந்த வழியாகப் போகலாம், யாருக்கு எந்தக் குவளையில் தேநீர் என்ற வழக்குகளிலேயே அவை பிறந்தன. ஆகவே நல்லிணக்கத்தை வளர்க்க விரும்புகிறவர்கள் கைவைக்க வேண்டிய இடமும் அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், இணக்கம் உண்மையாகவே இருக்கும் இடத்தைப் பார்க்கலாம். சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர். ஊருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்ததோ அங்குள்ள லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய். ஆற்றோரத்தில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறிக் காயவைத்து, கட்டாகக் கட்டி ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடி உலர்த்தி, நூல் இழை அளவுக்கு மெல்லியதாகக் கிழித்து, சாயமேற்றிப் பருத்திப் பாவில் கோக்கிறார்கள். நல்ல பட்டுப்பாயைக் கைக்குட்டை போல மடித்துவிடலாம். 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அன்பளிப்பாகப் போனது அப்படிப்பட்ட பாய். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பத்தமடையின் பெருமை அரசியின் அரண்மனையில் இல்லை. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் இந்து வீட்டுச் சீரிலும் இருக்கிறது, முஸ்லிம் வீட்டுச் சீரிலும் இருக்கிறது. மந்திரம் ஓதும் கல்யாணத்தில் விரிக்கும் பாயை நெய்தவர் ஐவேளை தொழுகிறவர். இந்த உறவுக்கு யாரும் பெயர் சூட்டவில்லை, மேடை போடவில்லை. நேர்த்தியான வேலைக்கு நேரான கூலி, வாங்குகிறவர் விற்கிறவர் இருவருக்கும் குறையாத மதிப்பு, இவ்வளவுதான் அதன் அடித்தளம். அதனால்தான் அது நீடிக்கிறது.

மொழியிலும் அப்படித்தான். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடவந்த அவர் தமிழ்க் காப்பிய மரபை முழுமையாக எடுத்துக்கொண்டார். அரபு நாட்டை வருணிக்கும்போதுகூட தமிழ் வயல்களின் செழிப்பு அதில் புகுந்துவிட்டது. நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858இல் கிறிஸ்தவரான பின்பும் கம்பனைக் கைவிடவில்லை. ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் எழுதி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் நடை காவிரி போல ஓடுகிறது. இதே பள்ளத்தாக்கில் கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920இல், பாரதி அருகிலுள்ள பொட்டல்புதூருக்குப் போய் முஸ்லிம்களின் கூட்டத்தில் இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிப் பேசினார். பொட்டல்புதூர் தர்கா, பாக்தாதில் அடங்கியிருக்கும் முகையதீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் அமைந்தது. அதன் மண்டபமும் தூண்களும் தமிழ்க் கோயில் கட்டுமானத்தின் சாயல் கொண்டவை. அங்கே நேர்ச்சைக்கு வருகிறவர்களில் இந்துக்களுக்குக் குறைவில்லை. மணியாச்சிப் பக்கம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் அதே காட்சி: மொட்டை போடவும் காது குத்தவும் அசனம் கொடுக்கவும் எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள்.

இத்தனை இணக்கம் இருந்தும் ஏன் கிழிசல்கள்? 1858 டிசம்பருக்குப் போக வேண்டும். விக்டோரியா அரசியின் பேரறிக்கை நவம்பர் 1ஆம் தேதி வெளியாகி, குடிமக்களின் சமயத்தில் அரசு தலையிடாது என்று உறுதி சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திருநெல்வேலியில் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவரின் சடலத்தை மேல்சாதியார் குடியிருக்கும் தெரு வழியே எடுத்துப் போவதா கூடாதா என்று தகராறு எழுந்தது. பொதுச் சாலை யாருக்கும் பொது என்றது ஒரு தரப்பு. சாமி வரும் தெருவில் பாடை வரலாகாது என்றது மறு தரப்பு. கூட்டம் கூடியது, படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, மனிதர்கள் செத்தார்கள். அந்தக் காலத்து எழுத்துகள் இதை இந்து–கிறிஸ்தவ மோதல் என்று பதிவு செய்தன. அப்படிச் சொல்வது பாதி உண்மை. அதே மனிதர் ஞானஸ்நானம் பெறாமல் இறந்திருந்தாலும் அவர் பாடைக்கு அந்தத் தெரு கிடைத்திருக்காது. மதம் மாறியதால் அவருக்காகப் பேச ஒரு மிஷனும், மிஷனுக்குப் பின்னால் ஒரு மாஜிஸ்திரேட்டும் இருந்தார்கள். வழக்கு வெளியே தெரிந்தது. வழக்கின் வேர் மதத்துக்கு முந்தியது.

கழுகுமலையில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பனைத் தொழிலிலிருந்து வணிகத்துக்கு ஏறிய நாடார்கள், காசு வந்தபின் மதிப்பும் வர வேண்டும் என்று கேட்டார்கள். தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கரானார்கள். அதே ரத வீதியில் இருந்த தங்கள் இடத்தைச் சிற்றாலயமாக மாற்றினார்கள், முன்னால் பந்தல் எழுந்தது. 1895 ஏப்ரலில் தேர் வந்தபோது பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தொடங்கிய வாக்குவாதம் கொலையில் முடிந்தது. எட்டயபுரம் ஜமீன் மேலாளர் உட்பட பலர் மாண்டார்கள். நாலே ஆண்டில் சிவகாசி கொள்ளை போனது. அங்கே கோயில் நுழைவுதான் வழக்கு, இரு பக்கத்தாரும் இந்துக்கள். கழுகுமலையையும் சிவகாசியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒன்றை மதக் கலவரம் என்றும் மற்றதைச் சாதிக் கலவரம் என்றும் பிரித்துப் பெயரிடுவது எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும். இரண்டு ஊரிலும் கேட்கப்பட்டது ஒன்றே: எங்கள் காலுக்கும் இந்த வீதி உண்டா?

மதம் மாறினால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு ராதாபுரம் வட்டாரத்து வடக்கன்குளம் வேறு பதில் சொன்னது. அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கைகள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் உள்ளிட்டோர். இரு தரப்பும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கால்சட்டைக் கோயில் என்று ஊரார் அழைத்த அந்தக் கட்டடத்தின் தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். தடுப்பை இடிக்கத் துணிந்தவர்கள் பாதிரிமார்கள் என்பதையும், அந்தத் தடுப்போடு கோயிலைக் கட்டிக் கொடுத்தவர்களும் பாதிரிமார்களே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தச் சமயமும் இந்தச் சீமைக்கு வந்ததும் இங்குள்ள தெருவின் கணக்கைத் தன் கோயிலுக்குள் ஏற்றுக்கொண்டது. பிறகு அதைத் துடைக்க அந்தச் சமயத்துக்குள்ளேயே சிலர் போராட வேண்டியிருந்தது. கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் மறைந்துவிடவில்லை.

இந்த வரலாற்றில் நாடு முழுவதும் திரும்பிப் பார்த்த நாள் 1981 பிப்ரவரி 19. அன்றைய நெல்லை மாவட்டத்தில், செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று இன்னொரு பெயர் பிறந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், வளைகுடாப் பணம் வந்தது என்ற குற்றச்சாட்டும் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் சொன்ன காரணங்கள் மிகச் சாதாரணமானவை: தேநீர்க் கடையில் தனிக் குவளை, ஆதிக்கச் சாதியாரின் அடாவடி, காவல் துறையின் தொல்லை, படித்து வேலைக்குப் போனவனுக்கும் பெயர் சொல்லி அழைக்கும் மரியாதை கிடைக்காத நிலை. பணத்துக்காக மாறினார்கள் என்ற வாதத்தை ஒரு சட்டமே மறுக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதிக்கான உரிமைகள் இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே. இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போகிறவர் அந்தச் சலுகையைக் கைவிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அரசு வேலையில் இருந்தவர்களும் படித்தவர்களும் நிறைந்த ஒரு ஊர், இழப்பைத் தெரிந்துகொண்டே அந்த முடிவை எடுத்தது. சலுகையைவிட மரியாதை பெரிது என்று நூற்றுக்கணக்கான பேர் தீர்மானித்ததை மலிவான பேரமாகப் பார்ப்பது அவர்களை இரண்டாம் முறை அவமதிப்பதாகும்.

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழும். மதமாற்றம் இல்லாவிட்டால் இந்தப் பூசல்களே இல்லையே, பிரச்சினையை உண்டாக்கியது பிறர் வந்து ஆள் சேர்த்தது அல்லவா என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு உண்மையான காயமும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் துண்டுப் பிரசுரங்களில் இந்துத் தெய்வங்களைப் பற்றி எழுதப்பட்டவை எந்த பக்தரையும் புண்படுத்தக்கூடியவை. 1840களில் நெல்லையில் மதமாற்றத்தை எதிர்த்து விபூதிச் சங்கம் தோன்றியதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. பிறர் வணங்குவதை இழித்துப் பேசி நம்பிக்கையைப் பரப்பும் உரிமை யாருக்கும் நாகரிகம் தரவில்லை. இதை இன்றைய சுவிசேஷப் பிரசங்கிகளில் சிலருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் விபூதிச் சங்கத்தார் தாக்கியது பிரசுரம் எழுதியவர்களை அல்ல. கிறிஸ்தவரான ஏழைக் குடியானவர்களின் வீடுகளையும் ஜெபக்கூடங்களையும். சட்டத்தால் மதமாற்றத்தை அடைக்கும் முயற்சியையும் தமிழகம் பார்த்துவிட்டது. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, பின் சட்டமாகி, 2004இல் திரும்பப் பெறப்பட்டது அது. வலுக்கட்டாயமும் மோசடியும் ஏற்கெனவே குற்றங்கள்தான். அவற்றுக்குத் தண்டனை இருக்கிறது. தனிக் குவளையை ஒழிக்க அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வெளியே போகும் கதவைச் சாத்துவதற்கு முன்பு, உள்ளே இருக்கிறவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்பதுதான் தன் சமயத்தின்மேல் அன்புள்ளவர் செய்ய வேண்டியது.

இன்னொரு மறுப்பு: சாதியும் மதமும் வேறு வேறு, சாதியைப் பேசி மத நல்லிணக்கத்தை ஏன் திசை திருப்ப வேண்டும்? இந்து–முஸ்லிம் பகை, இந்து–கிறிஸ்தவப் பகை என்று தனியாகவே ஒன்று இல்லையா? இருக்கிறது. மேலப்பாளையம் 1990களில் பட்ட பாட்டை மறைக்க முடியாது. கோவையில் 1998இல் குண்டுகள் வெடித்தபின் மேலப்பாளையம் முழுவதையும் சந்தேகக் கண்ணால் பார்த்த காலம் இருந்தது. வெளியூரில் நடக்கும் சம்பவங்களின் சூடு கைபேசி வழியே இங்கே வந்து சேரும் காலம் இது. ஆனால் வெளியிலிருந்து வரும் தீப்பொறி எங்கே பற்றுகிறது என்று பாருங்கள். 1982 மார்ச் 1ஆம் தேதி குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பகவதி அம்மன் கோயில் விழாக் கூட்டமும் கடற்கரை மீனவர் குடியிருப்பும் ஒரே மணலில் நெருங்கி நின்ற இடம் அது. அப்போதும் தொடக்கத்தில் இருந்தது ஒலிபெருக்கி, கடலாடும் வழி, கடற்கரை யாருடையது என்ற பூசல்கள்தான். சமாதானம் பேசப் போன குன்றக்குடி அடிகளார் மீனவக் குப்பங்களுக்கே சென்று மக்களிடம் பேசினார். மூன்று சமயத்தாரும் உட்காரும் திருவருட் பேரவையை வளர்த்ததும் அவர்தான். சைவ மடத்தின் தலைவர் ஒருவர் தம் சமயத்தை ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்காமலே அதைச் செய்ய முடிந்தது என்பது இன்று நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

தெருதான் வழக்கு என்றால் தெருவுக்கு நியாயமான விதி வேண்டும். அந்த விதி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தெருக்கள் வழியே கோயில் ஊர்வலம் போகக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பை 2021 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு சமயத்தார் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில் மற்றவர் விழா நடக்கக் கூடாது என்று ஆரம்பித்தால் முடிவே இருக்காது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. சரியான தீர்ப்பு. 1858இல் பாடைக்குத் தெருவை மறுத்ததைக் கண்டிக்கிறவர், வி.களத்தூரில் சாமிக்குத் தெருவை மறுத்ததையும் கண்டிக்க வேண்டும், வி.களத்தூர் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர், தன் ஊர் ரத வீதியில் தலித் பிணம் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுத் தெருவில் சமய ஊர்வலம் போகும் உரிமையை, மாஜிஸ்திரேட்டின் ஒழுங்குக்கு உட்பட்டு, 1920களிலேயே பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. விதி நூறாண்டாக இருக்கிறது. அதைச் சமமாக நடத்துவதில்தான் குறை.

வட அயர்லாந்தில் இதே வழக்கு ஒரு தேசத்தையே உலுக்கியிருக்கிறது. போர்ட்டடவுன் ஊரில் புராட்டஸ்டண்ட் ஆரஞ்சு சங்கத்தார் கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியே அணிவகுத்துப் போவதா என்பதில் 1990களின் நடுவில் ஆண்டுதோறும் ரத்தம் சிந்தியது. அதற்குக் கண்ட வழி, ஊர்வலங்களுக்கென்றே 1998 சட்டப்படி அமைந்த ஒரு தனி ஆணையம். போகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், குடியிருக்கிறவர்கள் சொல்வதை ஆணையம் கேட்கும், பாதை, நேரம், மேளம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் முடிவு சொல்லும். பகை ஒரே நாளில் ஒழியவில்லை, ஆனால் கைகலப்புக்கு வேலை குறைந்தது. நம் ஊரில் தாசில்தாரோ கோட்டாட்சியரோ கூட்டும் சமாதானக் கூட்டம் அதற்குச் சமமான கருவிதான். ஆனால் அது பெரும்பாலும் கல் விழுந்த மறுநாள் கூடுகிறது. நாட்டாமைகளும் ஜமாத் தலைவரும் பங்குத்தந்தையும் வருகிறார்கள். தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவர் ஒருவர் இருந்தால் அதிகம், பெண்கள் இருப்பதே இல்லை. எழுதிக் கையெழுத்தான முடிவு அடுத்த ஆண்டு விழாவில் யார் கையிலும் இருப்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கு விதிக்குப் பழகாத ஊர் அல்ல. கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகளின் தண்ணீரை, கார், பிசானப் பயிர்கள் கருகாமல், மேல்மடை கடைமடை என்று முறை வைத்துப் பகிர்ந்துகொண்ட அனுபவம் இங்கே உண்டு. தண்ணீருக்குச் சண்டை வராமல் இல்லை; சண்டை வந்தால் எந்தக் கணக்கைப் பார்ப்பது என்று தெரியும்.

இன்னொரு கவலை சமயப் பற்றுள்ளவர்களிடமிருந்தே வருகிறது. அதை மரியாதையோடு கேட்க வேண்டும். தர்காவில் நேர்ச்சை செய்வது இஸ்லாத்துக்கு ஏற்றதல்ல என்கிறார்கள் தவ்ஹீத் வழியினர். பிரசாதம் வாங்குவது தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்கிறார்கள் பல சபைகளின் கிறிஸ்தவர்கள். தம் குலதெய்வத்தை விட்டு வேறு வாசலுக்குப் போகக் கூடாது என்று நினைக்கும் இந்துக்களும் இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் நல்லிணக்கத்துக்குப் பகைவர்கள் என்று ஒதுக்குவது பெரிய தவறு. பொட்டல்புதூரும் புளியம்பட்டியும் நம் செல்வங்கள். ஆனால் கலந்து வணங்குகிறவர்களால்தான் அமைதி நிற்கும் என்று சொன்னால், தன் நெறியில் கறாராக இருக்கிறவருக்கு இந்தச் சமுதாயத்தில் இடமில்லை என்று ஆகிவிடும். பொங்கலைத் தொட மாட்டேன் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் நாற்காலி கொண்டுவந்து போட்டு இரவெல்லாம் உடனிருக்க முடியும். அவர் நம்புவது அவருக்கு. அவரால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது மரியாதை. கொள்கையில் ஒத்துப்போகச் சொல்லும் நல்லிணக்கம் பலவீனமானது, ஏனென்றால் ஒத்துப்போகாத முதல் ஆள் வந்ததும் அது உடைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்து காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. அப்போது செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் ஒன்று வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்கு நாள்கணக்கில் இடமும் சாப்பாடும் துணியும் கொடுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தார் சமைத்துச் சுமந்து வந்தார்கள். வெள்ளம் வந்தால் எல்லாரும் ஒன்றுதான் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அந்தச் செயல்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு அதே குடும்பம் அதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் கிடைக்குமா என்பதுதான் சோதனை. "நாங்க சைவம் மட்டும்தான் விடுறோம்" என்ற ஒரு வரியில் சாதியும் மதமும் சேர்ந்தே ஒளிந்திருப்பது வீடு தேடியவர்களுக்கெல்லாம் தெரியும். நான்கு நாள் அடைக்கலம் கொடுக்க நல்ல மனம் போதும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்துக்கு மனத்தோடு பழக்கமும் வேண்டும், ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அறிமுகத்தை இந்த ஊர் அதிகம் உண்டாக்கிய இடம் வகுப்பறை. 1878இல் எழுந்த தூய யோவான் கல்லூரி, பெண்களுக்காக வளர்ந்த சாராள் தக்கர், 1923இல் ஏசு சபையார் தொடங்கிய தூய சவேரியார், 1971இல் எழுந்த சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி: இவற்றின் பெயர்ப் பலகையில் சமயம் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் எல்லாச் சமயமும் இருக்கிறது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் எழுந்தபோது எந்தக் குழந்தையிடமும் சமயம் கேட்கவில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபோது, அந்த வகுப்பறை எவ்வளவு தூரம் சேதமாகிவிட்டது என்று தமிழகம் அதிர்ந்தது. நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் முதல் பள்ளிகளின் சாதிப் பெயர்கள்வரை அது பேசியது. அறிக்கை வந்ததும் அதை ஒரு மதத்துக்கு எதிரானது என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கயிற்றின் நிறத்தில் சாதியைப் படிக்கும் பிள்ளை, நாளைக்குத் தொப்பியிலும் சிலுவையிலும் பகைவனைப் படிப்பான். ஒரே கண்தான் இரண்டையும் பார்க்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய மேடையில் இல்லை. மூன்று மதத் தலைவர்களும் கைகோத்து நிற்கும் படத்தால் தீங்கில்லை. அதோடு நின்றால் பயனும் இல்லை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்ட ஆட்சியர்கள் ஒவ்வொரு பேரூராட்சியிலும் மயானப் பாதை எது, அது எல்லாச் சாதிக்கும் எல்லாச் சமயத்துக்கும் திறந்திருக்கிறதா என்று ஒரு பட்டியல் எடுத்துப் பொதுவில் வைக்கலாம். விழா ஊர்வலங்களின் பாதையையும் நேரத்தையும் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, குடியிருப்பவர்களைக் கேட்டு, எழுத்தில் முடித்து வைக்கலாம். சமாதானக் கூட்டத்தில் தலித்துகளும் பெண்களும் உட்காரும் நாற்காலியை உத்தரவாகவே போடலாம். தம் மேடையிலிருந்து பிற சமயம் பழிக்கப்பட்டால் முதலில் கண்டிப்பவர் அந்த மேடைக்குரிய பாதிரியாரும் இமாமும் மடாதிபதியுமாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு கண்டித்தால் அது சண்டை, தன் தரப்பு கண்டித்தால் அது திருத்தம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் ஊரில் கொடையோ அசனமோ கந்தூரியோ நடக்கும் முன் விழாக் கமிட்டி கூடும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். தேர் போகும் தெருவில், ஊரில் யாருடைய பாடையும் தடையில்லாமல் போகிறதா என்று எழுந்து கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலைக் கமிட்டியின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதை அடுத்த ஆண்டு மாற்றுவதாகக் கையெழுத்தும் வாங்குங்கள்.